பிள்ளைகளுக்கும் ஈரக் கழிவு

முதலில் என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இந்த வயதிலும் எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது எண்கள்தான். அவற்றை மட்டும் ஓரளவு நன்றாக எழுதுவேன்.

திருச்சியில் ஆரம்பப் பள்ளிக்கூடங்களைக் கவனிக்கும் கல்வி ஆபீஸ் ஒன்றில் நான் பியூன். ஐம்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து அதே வேலை. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்வதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. பார்த்துக் கேட்டு நடத்தி வைக்க ஆள் இல்லை. நானாக வாய் திறந்து கேட்கிறவனும் இல்லை. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வீட்டுக்காரருக்கு உறவு ஜனம் நிறைய வரும். அப்போது என் அறையை விட்டுக்கொடுத்துவிட்டு ஆபீசிலேயே தங்கிக்கொள்வேன். அந்தப் பத்து நாளும் நான் எங்கே இருந்தேன் என்று திரும்பி வந்த பிறகு யாரும் கேட்டது கிடையாது.

என் வேலையில் ஒரு பகுதி, வருஷம் ஒருமுறை பள்ளிக்கூடங்களுக்குப் பாரம் கொண்டுபோய்க் கொடுத்து, நிரப்பி வாங்கிக்கொண்டு வருவது. அதைப் பச்சைப் பாரம் என்போம். காகிதம் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், அதில் பெண்கள் எத்தனை, வாத்தியார் எத்தனை பேர், கூரை ஓடா கீற்றா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்று கேள்விகள். தபாலில் அனுப்பினால் பாதி திரும்பி வராது. அதனால் கிட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கு என்னைச் சைக்கிளில் அனுப்புவார்கள். எனக்கு விழுந்தது ஜீயபுரம் பக்கம். காலையில் பாலம் தாண்டி, ஆபீசில் பையை எடுத்துக்கொண்டு, கரூர் ரோட்டில் போவேன். இரண்டு பக்கமும் வாழை. பேச்சுத்துணை வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் தலைமை வாத்தியார் பாரத்தை எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். எனக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அதனால் அவர்களை எண்ண ஆரம்பித்தேன். எண்ணுகிறவனுக்குக் கூச்சம் குறைவு. பிறகு எண்ணியதை மறந்துபோகாமல் இருக்க ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். ஊர், தேதி, பையன்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நோட்டு எப்போதும் சட்டையின் உள்பையில் இருக்கும். வருஷம் ஒன்று கூடுவதற்குள் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. என் நோட்டில் இருக்கும் எண்ணும் பச்சைப் பாரத்தில் இருக்கும் எண்ணும் எந்த ஊரிலும் ஒத்துப்போகவில்லை. பாரத்தில் எப்போதும் கூடுதல்.

காரணம் எங்கள் ஆபீசில்தான் இருந்தது. பாரங்களையெல்லாம் சேர்த்து ஒரே நீளத் தாளில் ஏற்றுவது எங்கள் குமாஸ்தாவின் வேலை. மண்ணச்சநல்லூர்க்காரர். அப்பாவுக்கு அரிசி ஆலையில் நெல் நிறுத்து வாங்குகிற வேலை. ஆலையில் நெல் வந்தால் கையை விட்டுப் பார்த்து, இவ்வளவு ஈரம் என்று எடையில் கழிப்பார்கள். நம் குமாஸ்தா அதையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். எந்தப் பாரம் வந்தாலும் பத்துக்கு ஒன்று சிவப்புப் பென்சிலால் கழித்துவிட்டுத்தான் தாளில் ஏற்றுவார்.

ஒருமுறை அவரே எனக்கு விளக்கினார்.

“வாத்தியாருங்க கொண்டுவர்ற பிள்ளை எல்லாம் ஈரப் பிள்ளைய்யா. ஊரை விட்டுப் போனவன், ஆறு மாசமா ஆடு மேய்க்கிறவன், இன்னும் பொறக்காதவன், எல்லாரும் ரிஜிஸ்டர்ல உக்காந்திருப்பான். காய வெச்சுத்தான் மூட்டை கட்டணும்.”

“உள்ளபடியே எழுதுறவங்க இருந்தாங்கன்னா சார்?”

“இருந்தா அவன் வாத்தியார் இல்லை, சந்நியாசி. நான் பத்துல ஒண்ணு கழிக்கிறேன். கழிக்காம அனுப்பினா மேலே இருக்கிறவன் நாலுல ஒண்ணு கழிப்பான். யார் நல்லவன், நீயே சொல்லு.”

கெட்ட மனிதர் இல்லை. தன் கழிவால் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களைக் காப்பாற்றுவதாகவே நம்பினார். குமாஸ்தா கழிப்பார் என்று வாத்தியார்களுக்குத் தெரியும். அதனால் கூட்டி எழுதினார்கள். கூட்டி எழுதுகிறார்கள் என்று குமாஸ்தாவுக்குத் தெரியும், அதனால் கழித்தார். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய நிஜத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். யாரும் யாரிடமும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஜீயபுரத்துக்கு மேற்கே, ரோட்டை விட்டு இறங்கி வாழைத்தோட்டத்துக்குள் ஒரு மைல் போனால் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இரண்டு வாத்தியார் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. தலைமை வாத்தியார் ஒரு வயசானவர். இரண்டாவது ஒரு டீச்சர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு டிரெயினிங் படித்து வேலைக்கு வந்தவர். ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். அவரும் ஒரு அறை, நானும் ஒரு அறை என்று ஒருநாள் சைக்கிளில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுத மாட்டேன்.

அவர் தினமும் காலையில் மணியடிப்பதற்கு முன்னால் தெருத் தெருவாக நடப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெண் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தலை பின்னாமல் நிற்கிற பெண்ணை அங்கேயே உட்காரவைத்துப் பின்னிவிட்டுக் கையோடு கூட்டிப்போவார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச்சேரும்போது பின்னால் ஒரு வரிசையே வரும். அவர் வருவதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் எண்ணிய பெண்கள் எட்டு. மூன்றாவது வருஷம் பத்தொன்பது.

அந்த மூன்றாவது வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. நான் பச்சைப் பாரத்தோடு போனபோது தலைமை வாத்தியார் இல்லை. கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார். டீச்சர்தான் பாரத்தை வாங்கினார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை. எப்போதும் தலைமை வாத்தியாரே எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

“உட்காருங்க. மோர் சாப்பிடறீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியாத ஒரு ஆட்டல். அவர் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் வெளியே மரத்தடியில் இருந்தார்கள். நான் வழக்கம்போல எண்ணினேன். ஐம்பத்திரண்டு. டீச்சர் பதிவேட்டைப் பார்த்து, பிறகு வெளியே எட்டிப்பார்த்து விரல் விட்டு எண்ணி, பாரத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

இரண்டாவது வாத்தியார் வேண்டுமென்றால் ஐம்பது பிள்ளைகளுக்குக் குறையக்கூடாது. எங்கள் ஆபீசில் வைத்திருந்த கோடு அது. ஐம்பத்திரண்டில் குமாஸ்தா ஐந்து கழிப்பார். நாற்பத்தேழு. பள்ளிக்கூடம் கோட்டுக்குக் கீழே போய்விடும். டீச்சரின் இடம் போய்விடும். இன்னும் மூன்று பேர் சேர்த்து ஐம்பத்தைந்து என்று எழுதினால் போதும். ஐந்து போக ஐம்பது நிற்கும். இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் கணக்காகிவிட்டது. வாய் மட்டும் வரவில்லை.

அவர் மை காய ஊதிக்கொண்டே, “இவ்வளவுதானா? இதுக்கா சார் ஒரு வாரம் முன்னாடியே கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவார்?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைத் தடுத்தது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிற ஒருவரைப் பார்த்து, பொய் எழுதுங்கள் என்று ஒரு பியூன் எப்படிச் சொல்வது? சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்? அதோடு, தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் நின்று ரகசியம் மாதிரி ஒன்றைச் சொல்வதே எனக்கு முடியாத காரியம். ஆபீசுக்குப் போய்க் குமாஸ்தாவிடம் சொல்லிவிடலாம், அவர் கேட்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பாரத்தைப் பையில் வைத்தேன்.

குமாஸ்தாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவர் அந்தப் பாரத்தைக் கையில் எடுக்கும்வரை மேஜைப் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தேன்.

“என்னய்யா, பூனை மாதிரி சுத்துறே?”

“அந்த ஊர்க் கணக்கு நிஜக் கணக்குங்க சார். நான் எண்ணிப் பார்த்தேன்.”

“நீ எண்ணினியா? உன்னை எண்ணச் சொன்னது யாரு?”

“சும்மாதான் சார்.”

“சும்மா எண்ணினதையெல்லாம் தாள்ல ஏத்த முடியுமா?” என்றவர் போன வருஷப் பாரத்தை எடுத்துப் புரட்டினார். “இதோ பாரு. போன வருஷம் அம்பத்தெட்டு எழுதியிருக்கான். இந்த வருஷம் அம்பத்திரண்டு. ஒரே வருஷத்துல ஆறு பேர் இறங்கியாச்சு. இறங்குற பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வாத்தியாரா? மேலே கேட்டா நான் என்ன சொல்வேன், பியூன் எண்ணினான்னு சொல்லவா?”

போன வருஷம் நிஜத்தில் இருந்தது நாற்பத்தொன்பது பேர். அதைத்தான் தலைமை வாத்தியார் ஐம்பத்தெட்டாக்கினார். இந்த வருஷம் மூன்று பேர் கூடுதல். ஏறியிருக்கிற பள்ளிக்கூடம் தாளில் இறங்கியதாகத் தெரிந்தது. என் சட்டைப்பையில் நோட்டு இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானையை நிரப்பப் போய்விட்டேன்.

உத்தரவு தை மாதம் வந்தது. அதையும் நானே கொண்டுபோனேன். எங்கள் ஆபீசில் அது ஒரு வழக்கம். பாரம் வாங்கியவனே பதிலையும் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது இடம் ரத்து, டீச்சருக்கு மணப்பாறைப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றல். தலைமை வாத்தியார் அப்போது திரும்பி வந்திருந்தார், கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு. உத்தரவை டீச்சர்தான் அவருக்குப் படித்துச் சொன்னார். படித்து முடித்ததும் அவர், “எவ்வளவு எழுதினே?” என்று கேட்டார். “அம்பத்திரண்டு சார்” என்றார் டீச்சர். கிழவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் தன் பொய்யையும் சொல்ல வேண்டும். பிறகாவது சொன்னாரோ என்னவோ.

நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுக்கும்போது டீச்சர் வெளியே வந்தார்.

“அம்பத்திரண்டு எழுதினேன். உத்தரவுல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. அன்னிக்கு நீங்களும் எண்ணினீங்கதானே, நான் பார்த்தேன். இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவர் சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனார். பெண் பிள்ளைகள் சிலர் சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் பாரத்தோடு அந்த ஊருக்குப் போனேன். டீச்சர் போன மறு வருஷம் நாற்பத்து நாலு. அதற்கு அடுத்தது முப்பத்தெட்டு. அப்புறம் முப்பத்தொன்று. வீடு வீடாகக் கூப்பிட யாரும் இல்லை. வயசுப் பெண்ணை ஆண் வாத்தியார் மட்டும் இருக்கிற இடத்துக்கு அனுப்பமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பத்தொன்பது பேர் ஆறாகிவிட்டார்கள். அக்கா நின்றதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று சில வீட்டில் சந்தோஷம்கூட. குமாஸ்தா கழித்துப் பொய்யாக எழுதிய நாற்பத்தேழு ஒரு வருஷத்திலேயே நிஜத்தைத் தாண்டிவிட்டது. தாளைப் பார்க்கிறவர்களுக்கு அவர் அன்றைக்குச் செய்தது சரி என்றே படும். ஒருநாள் அவரே என்னிடம், “பார்த்தியா, நான் சொன்னேனா இல்லையா, இறங்குற பள்ளிக்கூடம்னு” என்றார். அதில் கேலி இல்லை. நிஜமாகவே எனக்கு ஒரு விஷயம் புரியவைக்கிறவர் மாதிரிதான் சொன்னார்.

அந்த வருஷங்களில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடத்து மணலில் போய் உட்கார்ந்திருப்பேன். கையில் நோட்டு இருக்கும். பழைய பக்கங்களைப் பார்ப்பேன். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூட எண்ணிக்கை அதில் இருந்தது. திருச்சியிலேயே நிஜம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று தோன்றும். பெருமையாக இருக்காது. ஊர் முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகு பந்தியில் தனியாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அறுபத்திரண்டில் புது அதிகாரி ஒருவர் வந்தார். இளவயது. எந்தெந்த ஊரில் புதுப் பள்ளிக்கூடம் கட்டுவது, எங்கே வாத்தியார் போடுவது என்று திட்டம் எழுதச் சொல்லி மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். அவர் நீளத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் எண்ணிவிட்டு வந்தார். மறுநாள் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, நான் வாசல் ஸ்டூலில் இருந்தேன்.

குமாஸ்தா மறைக்கவில்லை. ஈரக் கழிவை ஆதியோடந்தமாகச் சொன்னார். அதிகாரி தாளை மேஜையில் வைத்தார்.

“நெல்லைக் கையை விட்டுப் பார்த்துட்டுத்தானே ஈரம் சொல்வாங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க சார்.”

“நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல கையை விட்டுப் பார்த்தீங்க?”

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நிற்க நான் பார்த்ததில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது. அதிகாரி, “அப்ப இந்த ஆபீஸ்ல நிஜ எண்ணிக்கை யாருக்கும் தெரியாது” என்றார்.

நோட்டை அவரிடம் கொடுக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதுவும் கையில் கொடுக்கவில்லை. அவர் சாப்பிடப் போனபோது மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெயர் எழுதவில்லை. ஆனால் நான் எண் எழுதுகிற விதம் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு அவர் மணியடித்தார்.

“இதை ஏன் இத்தனை வருஷம் யார்கிட்டயும் காட்டலை?”

“யாரும் கேட்கலைங்க சார்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது திட்டவேண்டிய பதில்தான்.

அதன் பிறகு கழிவு நின்றது. உள்ளதை மட்டும் எழுத வேண்டும், யாரும் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, திடீரென்று வந்து எண்ணுவோம் என்று எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் போயிற்று. முதல் வருஷம் யாரும் நம்பவில்லை. வழக்கம்போலக் கூட்டியே எழுதினார்கள். நாலு ஊரில் எண்ணிக் காட்டிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள். பச்சைப் பாரத்தின் அடியில் அதிகாரி கையாலேயே ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டார். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகள் எத்தனை? அதை வாத்தியார் எழுதக் கூடாது, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும் என்றார். எந்த ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்டார். வாழைத்தோட்டத்து ஊரைச் சொன்னேன். அவர் என்னையே அனுப்பிவிட்டார்.

என் வாழ்க்கையில் நான் முன்பின் தெரியாதவர்களிடம் அதிகமாகப் பேசியது அந்த இரண்டு நாளில்தான். முதல் வீட்டு வாசலில் கால்மணி நேரம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள்.

“யாருங்க? சைக்கிள் விக்கிறீங்களா?”

“இல்லைங்க. பிள்ளைகளை எண்ண வந்திருக்கேன்.”

“எண்ணி?”

எண்ணி என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “ஸ்கூலுக்குப் போகாதவங்க எத்தனை பேருன்னு” என்றேன்.

“எங்க வீட்டுல ரெண்டு. எழுதிக்குங்க. டீச்சரம்மா இருந்தப்ப பெரியவ போனா. தலையைப் பின்னி இழுத்துக்கிட்டுப் போயிடும் அது. வேணாம்னு சொல்ல நமக்கு வாய் வராது. இப்ப யாரு வந்து கூப்பிடறாங்க? அந்த அம்மாவை ஏங்க மாத்தினாங்க?”

அப்படியே பன்னிரண்டு வீட்டில் கேட்டார்கள். ஏன் மாத்தினாங்க? பன்னிரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி, ஆபீஸ் உத்தரவுங்க என்று சொன்னேன். வீட்டில் இருந்த பிள்ளைகள் மொத்தம் இருபத்தேழு பேர். உள்ளே முப்பத்தொன்று, வெளியே இருபத்தேழு.

அதிகாரி அந்த இரண்டு எண்களையும் சேர்த்து மேலே எழுதினார். அடுத்த வருஷம் இரண்டாவது வாத்தியார் இடம் திரும்ப வந்தது. ஆனால் இடம்தான் வந்தது. அந்த டீச்சரையே கேட்டு எழுதலாமா என்று அதிகாரியிடம் சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இளைஞரைப் போட்டுவிட்டார்கள். நல்ல பையன்தான். நாற்பது வரைக்கும் ஏற்றினார். பெண்கள் ஒன்பது. முன்பு இருந்த பத்தொன்பது பேரில் பெரும்பாலோருக்கு அதற்குள் படிக்கிற வயது தாண்டிவிட்டது. இரண்டு பேருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. இதற்கெல்லாம் பாரத்தில் கட்டம் கிடையாது. நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

குமாஸ்தா ரிடையராகி மண்ணச்சநல்லூருக்கே போய்விட்டார். புது அதிகாரியும் மாற்றலாகிப் போனார். நான் அதே ஸ்டூலில் இருந்தேன்.

போன மாதம், ஆவணியில், ஒரு பகல் பதினொரு மணிக்கு அந்த டீச்சர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதி தப்பாக ஏறியிருந்ததாம், அதைத் திருத்த. கண்ணாடி போட்டிருந்தார். முன்தலையில் நரை. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். எழுத்தர் வெளியே போயிருந்தார், வர ஒரு மணி நேரமாகும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் என்னைப் பார்த்தார்.

“நீங்க ஜீயபுரம் பக்கம் சைக்கிள்ல வருவீங்கல்ல? தலையை ஆட்டுவீங்க, பேசமாட்டீங்க.”

“ஆமாங்க.”

“நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க?”

“யாரும் இல்லைங்க.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மணப்பாறைப் பக்கத்து ஊரைப் பற்றிச் சொன்னார். மழை கிடையாது, ஆனால் ஜனங்கள் தங்கமானவர்கள், பள்ளிக்கூடத்தில் இப்போது நாலு டீச்சர் என்றார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இப்போது விட்டால் இனி கிடையாது என்று தோன்றியது.

“அம்பத்தெட்டுல நீங்க பாரம் எழுதினப்ப, கழிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. மூணு பேர் கூட எழுதியிருந்தா இடம் நின்னிருக்கும். அப்புறம் நீங்க கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். தெரியும்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவருக்கு எது என்று நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தது முகத்தில் தெரிந்தது.

“மூணு பேரா?”

“மூணு பேர்தாங்க.”

“சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமாக இல்லை. கடையில் சில்லறை மறந்துவிட்டு வந்தவரிடம் சொல்வது போல. “மூணு பேர்தானே, எழுதியிருப்பேனே. எதிர்வீட்டுல மூணு கைக்குழந்தை இருந்தது. அதுங்க பேரையே போட்டிருப்பேன்.”

உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர், பொய் சொன்னால் முகம் சுளிப்பார் என்று ஒன்பது வருஷமாக நான் ஒரு ஆளை மனதில் வைத்திருந்தேன். அந்த ஆள் எதிரே இல்லை. தன் இடத்தையும் பத்தொன்பது பெண்களையும் காப்பாற்ற மூன்று கைக்குழந்தைகளின் பெயரைக் கூசாமல் எழுதக்கூடிய ஒரு டீச்சர்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாததால் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது.

“அந்தப் பெண்ணுங்கள்லாம் எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த எண்களைச் சொன்னேன். ஆறு, பிறகு ஒன்பது, இரண்டு கல்யாணம். அவர் ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லி விசாரித்தார். என் நோட்டில் பெயர்கள் கிடையாது. ஒரு பெயருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எழுத்தர் வந்துவிட்டார். டீச்சர் வேலையை முடித்துக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்று சொல்லிப் படியிறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்று கீழே யாரையோ கேட்பது மாடியில் எனக்குக் கேட்டது. இறங்கிப் போய்க் காட்டியிருக்கலாம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது இதுதான். இப்போது எழுதிவிட்டேன். எழுதிய நாள் 1967, புரட்டாசி முதல் சனிக்கிழமை.